எவர் கண்ணுக்காக வரைகிறோம்?

சென்னையிலும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கிராஃபிக் டிசைன் கற்றுத்தரும் பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா என்று மென்பொருளின் பெயரிலேயே வகுப்புகள் நடக்கின்றன. சில மாதங்களில் கருவிகள் கைக்குப் பழகிவிடும். ஆனால் வேலை கேட்டுப் போகும் இடத்தில், செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத்தான் முதலில் கேட்பார்கள்; சான்றிதழெல்லாம் பிறகுதான். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உலகப் புகழ்பெற்ற காலணிக்கு ஒரு கற்பனைப் போஸ்டர், பெயர்போன குளிர்பானத்துக்கு ஒரு மாற்று லேபிள், இல்லாத காபிக் கடைக்கு ஒரு லோகோ என்று தொகுப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்த லோகோவை எந்தக் கடைக்காரரும் வேண்டாமென்று திருப்பி அனுப்பியதில்லை. அந்த லேபிளைக் கடையில் நின்று எவரும் படித்துப் பார்த்ததுமில்லை.

ஒருவர் தாமாக எடுத்துச் செய்யும் பயிற்சி வேலைகள்தாம் அவரை வடிவமைப்பாளராக்குகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செய்கிற எல்லாமே பயிற்சியாகிவிடாது. படிக்கப்போகிறவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் இருக்கும் இடத்தின் நெருக்கடிகளுக்குள் வேலை அமைய வேண்டும். முடித்ததை அவர் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தேறவில்லை என்றால் திருத்த வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் திறன் வளரும். இதற்கு மும்பைக்கும் பெங்களூருக்கும் போகத் தேவையில்லை. பழனி மலைத்தொடரையும் அதன் மேலே இருக்கும் கொடைக்கானலையும் எடுத்துக்கொண்டாலே, ஒரு மாணவர் ஆண்டுக்கணக்கில் செய்து பழகும் அளவுக்கு உண்மையான வேலைகள் காத்திருக்கின்றன.

படிப்பவரை மனத்தில் வைத்து வரையும் மரபும் இந்த மலைக்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிய நூலை 1915-இல் வெளியிட்டார். உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பூக்கும் செடிகளை அடையாளம் காண உதவும் நூல் அது. அதிலுள்ள கோட்டோவியங்களில் பலவற்றை ஃபைசனின் மனைவியும், பழனி மலையில் செடிகளைச் சேகரித்துவந்த லேடி போர்னும் வரைந்தார்கள். படம் வரைவது அவர்களுக்குப் பிழைப்பல்ல. பின்னர் செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபைத் துறவி ஆங்கிலாட், இந்த மலையின் தாவரங்களை ஓவியங்களாக வரைந்து குவித்தார். அவர் பெயரால் செண்பகனூரில் இயற்கை வரலாற்று நிறுவனம் ஒன்றை அமைத்தவர் தாவரவியலாளர் கே. எம். மாத்யூ. மாத்யூவின் முயற்சியில் பழனி மலைத் தாவரங்களின் படத் தொகுதி 1996-இலும், விரிவான தாவர நூல் 1999-இலும் வெளிவந்தன.

இதற்கும் கிராஃபிக் டிசைனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு செடியைப் புகைப்படம் எடுத்தால் இலையின் பளபளப்பு, பின்னால் இருக்கும் புதர், மேலே விழும் வெயில் எல்லாம் படத்தில் வந்துவிடும். அடையாளம் காண வேண்டியவருக்கு இவற்றில் பெரும்பாலானவை வேண்டாதவை. இலை விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கிறதா, இலைகள் எதிரெதிரே முளைக்கின்றனவா, பூவை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே என்ன தெரிகிறது என்பவைதாம் அவருக்குத் தேவை. கோட்டோவியம் தேவையானதை மட்டும் நிறுத்தி, மற்றதை விலக்குகிறது. சிறிய உறுப்பைப் பெரிதாக்கி ஓரத்தில் தனியே காட்டுகிறது. எதைக் காட்டுவது, எதை விடுவது, எதைப் பெரிதாக்குவது என்ற மூன்று முடிவுகளும் இன்றைய வடிவமைப்பாளர் ஒவ்வொரு பக்கத்திலும் எடுக்கும் முடிவுகளே. கையில் நூலைப் பிடித்துக்கொண்டு செடிக்கு முன்னால் நிற்கும் ஒருவரை மனத்தில் வைத்து வரைந்ததால் அந்த முடிவுகள் சரியாக அமைந்தன. கொடைக்கானல் மாணவர் ஒருவர் வட்டக்கானல் சோலையில் பத்துச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, நடந்து வருபவர் கையில் மடித்து வைத்துக்கொள்ளும் ஒற்றைத் தாள் கையேடாக ஆக்கினால், நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த மரபில் அவரும் சேர்ந்துகொள்கிறார்.

யாரும் கேட்காமல் ஒருவர் தாமே எடுத்துச் செய்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனில் ஒரு சான்று இருக்கிறது. சுரங்க ரயில் நிறுவனத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக், 1931-இல் தம் ஓய்வு நேரத்தில் ரயில் தடங்களுக்குப் புதிய வரைபடம் ஒன்றை வரைந்தார். பூமியின் மேல் நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. சுரங்கத்துக்குள் போகும் பயணிக்கு அடுத்த நிலையம் எது, எங்கே வண்டி மாற வேண்டும் என்பதே கேள்வி. எனவே தடங்களை நேர்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் மாற்றி, நிலையங்களைச் சீரான இடைவெளியில் வைத்தார். நிறுவனம் முதலில் ஏற்கவில்லை. 1933-இல் சோதனையாக அச்சிட்டபோது பயணிகள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள். இன்று உலகின் பல நகரங்களின் மெட்ரோ வரைபடங்கள் அந்த வழியில் வந்தவை.

இதே கேள்வியைக் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டுப் பார்க்கலாம். பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையும் பழனி சாலையும் பிரிகின்றன. பண்ணைக்காடு, தாண்டிக்குடி ஒரு பக்கம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை மேற்குப் பக்கம். ஊர்களுக்கு இடையிலான கிலோமீட்டர் கணக்கு இங்கே அதிகம் பயன்படாது. வளைவும் ஏற்றமும் மழையும் சேர்ந்து, தூரத்தை நேரமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே மலைப் பேருந்துகளுக்கு ஒரு தட வரைபடம் செய்ய இறங்கும் மாணவர் பெக் எடுத்த முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டியிருக்கும். மலையின் உருவத்தைக் காட்ட வேண்டுமா, ஊர்களின் வரிசை மட்டும் போதுமா? தூரம் எழுதுவதா, பயண நேரம் எழுதுவதா? திரும்பி வரும் கடைசி வண்டியை எங்கே குறிப்பது? நகரத்தில் கடைசி வண்டியைத் தவறவிட்டவருக்கு ஆட்டோ கிடைக்கும். மலையில் தவறவிட்டால் இரவு முழுதும் அங்கேயே. எனவே மற்ற எல்லா நேரங்களையும்விட அந்த ஒரு நேரம் பெரிய எழுத்தில் வர வேண்டும். இந்த முடிவை எந்த மென்பொருள் வகுப்பும் கற்றுத்தராது.

வரைந்து முடித்ததும் சோதனை. தாளை எடுத்துக்கொண்டு நிலையத்தில் காத்திருப்பவரிடம் போய், “பாட்டி, மன்னவனூர் போகணும்னா இதுல எந்தக் கோடு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். அவர் விரல் தவறான கோட்டின் மேல் போனால் குறை பாட்டியிடம் இல்லை, தாளில் இருக்கிறது. இரண்டு கோடுகளின் நிறங்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கலாம். ஊர்ப் பெயர் எந்தப் புள்ளியைச் சேர்ந்தது என்று தெரியாமல் இருக்கலாம். எழுத்து பொடியாக இருக்கலாம். விளக்கம் சொல்ல வாய் திறந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும், ஏனென்றால் சுவரில் ஒட்டிய பிறகு அந்தத் தாளோடு நாம் கூடவே நிற்கப்போவதில்லை. இப்படிச் சிலரிடம் காட்டித் திருத்திய ஒரு வரைபடம், கற்பனைக் காபிக் கடைகளுக்கு வரைந்த லோகோக்களைவிட அதிகம் கற்றுத்தரும்.

இடத்தின் நெருக்கடி எப்படிப் பாடம் நடத்தும் என்பதற்கு இன்னொரு பயிற்சியைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டு மாடுகள் நடமாடுகின்றன. மலைச் சாலையில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 11 மீட்டர் கடக்கும். ஓட்டுநருக்கு நான்கு நொடி அவகாசம் தர வேண்டுமானால் பலகை 44 மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கும்படி இருக்க வேண்டும். சாலைப் பலகைகளுக்கு ஓர் அங்குல எழுத்து உயரத்துக்கு 30 அடி தூரம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அதன்படி ஐந்து அங்குல எழுத்து தேவை. அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கானது. சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு அதைவிடப் பெரிதாகவே போக வேண்டும். இனி பனி இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். 20 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. கிடைக்கும் அவகாசம் இரண்டு நொடிகூட இல்லை.

‘வனவிலங்குகள் சாலையைக் கடக்கும் பகுதி, வாகன ஓட்டிகள் எச்சரிக்கையுடன் மெதுவாகச் செல்லவும்’ என்ற வாசகம் மேசையில் வைத்துப் பார்க்கும்போது குறையில்லாமல்தான் தோன்றும். இரண்டு நொடிக்குள் அதில் பாதிகூடக் கண்ணுக்குள் போகாது. கணக்குப் போட்டுப் பார்த்த மாணவர் தாமாகவே ‘காட்டு மாடு! மெதுவாக’ என்பதற்கு வந்து சேர்வார். பக்கத்தில் ஒரு மாட்டின் நிழலுருவம் வேண்டும் என்பார். அது வீட்டுப் பசுவாகத் தெரியாமலிருக்க, முதுகின் மேட்டையும் கொம்பின் வளைவையும் எவ்வளவு அழுத்திக் காட்ட வேண்டும் என்று பலமுறை வரைந்து பார்ப்பார். அடுத்து வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆங்கிலமும் சேர்க்க வேண்டிவரும். இரண்டு மொழிக்கும் கணினியில் ஒரே அளவு கொடுத்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து ஓங்கித் தெரியும், தமிழ் சுருங்கித் தெரியும். இரண்டையும் கண்ணுக்குச் சமமாக்க, எண்ணை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும் என்பது அப்போது விளங்கும். கடைசியில் வெள்ளைத் தாளில் அச்சிட்டு, அதே தூரத்தில் சுவரில் ஒட்டி, அதிகாலைப் பனியில் போய்ப் பார்த்தால் பாடம் முழுமையாகும். சாலையில் உண்மையான பலகை வைப்பது நெடுஞ்சாலைத் துறையின், வனத்துறையின் பொறுப்பு. மாணவர் அதைத் தாமாக நடக்கூடாது. ஆனால் பயிற்சி தருவதற்கு அந்தச் சுவரே போதும்.

நிறத்துக்கான பாடத்தைக் குறிஞ்சி நடத்துகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பழனி மலையில் பூத்தது. அந்த நீலமும் ஊதாவும் கலந்த நிறம் திரையில் எளிதாக வந்துவிடும், ஏனென்றால் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகத்திலோ சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அதே நிறத்தைக் கொண்டுவர வேண்டும். இந்த நான்கு மைகளுக்கும் சரியாக எட்டாத நிறங்களில் ஒன்று துலக்கமான நீல ஊதா. திரையில் மின்னிய குறிஞ்சி, தாளில் மங்கிய கத்தரிப்பூ நிறமாக வந்து நிற்கும். முதன்முறை அச்சடித்துப் பார்ப்பவர் அச்சகத்தைக் குறை சொல்வார். மஜெந்தாவைக் குறைத்து மறுபடி அடித்துப் பார்ப்பவர் நீலம் சற்றுத் தெளிவதைக் காண்பார். தனி மை ஒன்று சேர்த்தால் கிடைக்கும், ஆனால் செலவு கூடும் என்று கேட்டு அறிவார். நிறத்தைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கோட்டோவியமாகவே பூவைக் காட்டலாமே என்று மூன்றாவது வழிக்கும் வருவார். ஒரு நூறு பக்கப் பாடநூல் சொல்வதை, சில ரூபாய்க்கு அடித்த ஒரு மாதிரித் தாள் ஒரே பார்வையில் உணர்த்திவிடும். திரையைத் தாண்டாத பயிற்சியில் இது கிடைக்காது.

எழுத்துக்கும் இதே நிலைதான். யூனிகோடில் அடித்த தமிழைப் பழைய எழுத்துருக்கள் பழகிய டிடிபி கடைக்குக் கொண்டுபோனால், கொம்பும் காலும் இடம் மாறி வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். எழுத்துகளை ‘கர்வ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல் வரியின் ‘மூ’ கீழ் வரியின் ‘கீ’யோடு மோதும் என்பதும், பொடி எழுத்தில் மை கசிந்து ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்பதும் அச்சுக்குப் போனால்தான் தெரியும். ஒரு பொட்டலத்தின் லேபிள் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சோதித்துவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டைக் கால் கிலோ பொட்டலமாக விற்க ஒரு லேபிள் செய்வதாக வைத்துக்கொண்டால், பொருளின் பெயர், பொட்டலமிட்டவர் முகவரி, நிகர எடை, தேதி, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். இத்தனையும் போக மிஞ்சும் உள்ளங்கை அகலத்தில்தான் அழகுக்கு இடம். போர்ட்ஃபோலியோக்களில் காணும் கற்பனை லேபிள்களில் பெரும்பாலும் விலையும் இருக்காது, எடையும் இருக்காது. வேலைக்கு எடுப்பவர் ஒரே பார்வையில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

மாணவப் பருவத்து வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மூர்ச் சான்று த. உதயகுமார். கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த இவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு, மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்துக்குப் போனார். அங்கே மாணவராக இருந்தபோது ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். பிறகு முனைவர் பட்ட ஆய்வுக்கும் தமிழ் எழுத்து வடிவமைப்பையே எடுத்துக்கொண்டார். இந்திய ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு போட்டி அறிவித்தபோது 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றில் உதயகுமாரின் வடிவத்தை 2010 ஜூலை 15 அன்று அரசு ஏற்றது. தேவநாகரி ‘ர’வையும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தையும் இணைத்து, மேலே இரண்டு கிடைக்கோடுகள் இட்ட அந்தக் குறி பார்க்க எளியது. ஆனால் எழுத்தின் உடல் எங்கே தடிக்கும், எங்கே ஒடுங்கும், பொடி அளவில் எது மறையும் என்று ஆண்டுக்கணக்கில் வரைந்து பழகிய கைக்குத்தான் அந்த எளிமை வரும். போட்டியில் வென்றது ஒரு குறியீடு. அதை வரையும் தகுதியைத் தந்தது அதற்கு முன் எவரும் பெரிதாகக் கவனிக்காத மாணவ வேலைகள்.

முடிந்த வடிவத்தைப் போலவே அங்கே வந்து சேர்ந்த வழியும் மதிப்புக்குரியது என்பதைக் கல்வியுலகமும் ஏற்றிருக்கிறது. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) பாடத்திட்டத்தை மேற்கொண்ட பள்ளி. அந்தப் பாடத்திட்டத்தின் காட்சிக்கலைப் பிரிவில், 2016 முதல் தேர்வுக்கு வந்த முறைப்படி, கண்காட்சிக்கு வைக்கும் படைப்புகளுக்கு 40 சதவீத மதிப்பெண் தரப்பட்டது. முயன்று பார்த்தவை, கைவிட்டவை, மாற்றியவை ஆகியவற்றைக் காட்டும் செயல்முறைத் தொகுப்புக்கும் அதே 40 சதவீதம் ஒதுக்கப்பட்டது. கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிக்கு மட்டும் உரிய வழி அல்ல இது. அரசுப் பள்ளி மாணவரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் முதல் வரைவையும், பேருந்து நிலையத்தில் அது தோற்ற விதத்தையும், மாற்றிய காரணத்தையும் தேதி போட்டு எழுதி வைக்கலாம். வேலை கொடுப்பவருக்கு அந்த நோட்டு, பளபளக்கும் இறுதிப் படத்தைவிட நம்பகமான சாட்சி.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் இல்லாத வேலையில் கண்டிப்பு இருக்காது, நிஜ அனுபவம் கடைக்காரரிடம் திட்டு வாங்கினால்தான் வரும் என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. கெடுவும் பட்ஜெட்டும் மனம் மாறும் முதலாளியும் தரும் பயிற்சியைத் தனி வேலை தராது. ஆனால் வாடிக்கையாளர் தருவது ஒருவகைக் கண்டிப்பு மட்டுமே. படிப்பவர் தருவது இன்னொன்று. முதலாளிக்குப் பிடித்து, படிப்பவருக்குப் புரியாமல் போன பலகைகள் எல்லா ஊரிலும் தொங்குகின்றன. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்வகைக் கண்டிப்பு தானே வந்து சேரும். இரண்டாவதைப் பழகிக்கொள்ளப் படிக்கும் காலமே ஏற்றது. ‘இரண்டே நிறம், ஒரே தாள், பத்து நாள்’ என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டால் கெடுவும் பட்ஜெட்டும்கூட ஓரளவு வந்துவிடும்.

பெரியவர்களின் வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. சிற்பிகளும் ஓவியர்களும் பிரதி எடுத்துத்தான் பழகினார்கள். பிரதி எடுப்பது கைக்கு நல்ல பயிற்சி, அதை நான் மறுக்கவில்லை. கோடு எப்படி ஓடுகிறது, எழுத்துக்கு எழுத்து இடைவெளி எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பிரதியில் முடிவுகள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. எந்தச் சொல் பெரிதாக வர வேண்டும் என்ற கேள்வியை வேறொருவர் தீர்த்துவைத்திருக்கிறார். அந்தக் கேள்வியோடு தனியாக உட்கார்ந்து பார்க்காதவருக்குத் தொழிலின் பாதி தெரியாமலே போய்விடும். பிரதி எடுங்கள், அதை நோட்டில் வையுங்கள், போர்ட்ஃபோலியோவில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, கூடுதல் கவனத்தோடு பதில் சொல்ல வேண்டிய ஆட்சேபம். பயிற்சி என்ற பெயரில் இளைஞர்களிடம் இலவசமாக வேலை வாங்குகிறார்கள் என்பது உண்மை. ‘உனக்கும் அனுபவம் ஆச்சு’ என்று சொல்லி ஹோட்டல் மெனுவையும் விடுதி விளம்பரத்தையும் காசில்லாமல் முடித்துக்கொள்வது அநியாயம். இதற்கு ஓர் எல்லைக்கோடு போடலாம். எதைச் செய்வது என்று மாணவர் தேர்ந்தெடுத்து, உரிமையும் அவரிடமே இருந்தால் அது பயிற்சி. வேறொருவர் தேர்ந்தெடுத்து, அதை வைத்துப் பணம் பண்ணினால் அது வேலை. வேலைக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இந்தக் கோட்டுக்கு மறுபக்கமும் இருக்கிறது. மாணவரும் மலைவாழ் மக்களிடமிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பளியர் மக்களின் முகங்களை அவர்களைக் கேட்காமல் தேன் பாட்டிலின் அலங்காரமாக்குவது வடிவமைப்பில் வராது, அது அவமதிப்பு. கேட்டு, காட்டி, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதியே.

நான்காவது கேள்வி புதிது. இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு போஸ்டரே செய்து தருகிறது; இனி எதற்குப் பழக வேண்டும்? அவை தமிழ் எழுத்துகளைச் சிதைத்துத் தருவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். ஆனால் என் வாதத்தை அந்தக் குறையின் மேல் கட்ட மாட்டேன், நாளை அது சரியாகிவிடலாம். நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும், பனியில் வரும் ஓட்டுநருக்கு இரண்டு நொடிதான் இருக்கிறது என்பதை அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அது தரும் பத்து வடிவங்களில் எது பேருந்து நிலையத்தில் தேறும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த ஒருவர், அங்கே போய் நின்று தோற்றுத் திருத்தியவராக இருந்தால்தான் முடிவு சரியாக இருக்கும். கருவி மலிவாக மலிவாக, தீர்ப்பு சொல்லத் தெரிந்தவரின் மதிப்பு கூடும்.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கவலைக்கு முன்னெப்போதையும்விட இன்று நல்ல பதில் இருக்கிறது. இங்க்ஸ்கேப், கிரிட்டா, கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகியவை இலவச மென்பொருள்கள். முக்த மலர், கட்டமரன், மீரா இனிமை, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவனார் போன்ற தமிழ் எழுத்துருக்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. திருட்டு எழுத்துருக்களைத் தேட வேண்டியதில்லை. கணினியே இல்லாவிட்டாலும் தொடங்கலாம். 1980-களில் மெக்கின்டோஷ் கணினிக்கான ஐகான்களை சூசன் கேர் முதலில் வரைந்து பார்த்தது கட்டம் போட்ட நோட்டில்தான். ஒரு கட்டத்தை நிரப்புவதா விடுவதா என்ற கேள்விக்கு மின்சாரம் தேவையில்லை.

எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கும் மலையில் வேலை கிடக்கிறது. 1899 முதல் இயங்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் இருக்கின்றன. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதை ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் புரியும்படி ஒரே படத்தில் காட்டலாம். 2024 மே மாதத்தில், வெளியூரிலிருந்து சொந்த வாகனத்தில் கொடைக்கானலுக்கு வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. முதல்முறை வரும் குடும்பத்துக்கு அதை விளக்கும் ஒரு பக்கத் தாள் செய்யலாம். அடுத்த குறிஞ்சி 2030-இல் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கூட்டம் கூட்டமாக மக்கள் மலையேறுவார்கள். எந்தச் சரிவில் நடக்கலாம், பூவை ஏன் பறிக்கக் கூடாது, குப்பையை எங்கே போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லும் பலகைகளும் கையேடுகளும் அப்போது தேவைப்படும். இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்பவர்கள் அந்த வேலைக்கு இப்போதே பழகத் தொடங்கினால் காலம் சரியாக இருக்கும்.

ஆசிரியர்களும் நகராட்சியும் இதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களின் வரைபடங்களையும் பலகைகளையும் பேருந்து நிலையச் சுவர் ஒன்றில் ஒட்ட இடம் கொடுத்தால் போதும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை, அதைப் படித்துப் பார்க்கும் ஓட்டுநருக்கும் பூண்டு விவசாயிக்கும் ஒதுக்க வேண்டும். அவர்களுக்குப் புரிந்த வேலையைச் செய்து முடித்த மாணவர் எந்த நிறுவனத்தின் நேர்காணலுக்கும் தயங்காமல் போகலாம். அங்கே கேட்கப்போகும் கேள்விகளைவிடக் கடினமான கேள்விகளுக்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருப்பார்.